நாலு மாதத்தில் திரும்பி வந்த ஹெட் கேஸ்கெட்

ஒரே வண்டிக்கு நாலு மாத இடைவெளியில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றிய விவரம் இது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும், அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வாயு, தண்ணீர், ஆயில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். முதல் முறை மாற்றியதும் நான், இரண்டாம் முறை மாற்றியதும் நான். அதனால் பழி போட வேறு பட்டறை இல்லை.

வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வைத்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, மேலே ஒரே கேம்ஷாஃப்ட், அதை ஓட்ட டைமிங் பெல்ட். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 1983 டிசம்பரில் தெருவுக்கு வந்து முப்பது வருடம் ஓடிய மாடல் என்பதால், கோவையில் கண்ணைக் கட்டிக்கொண்டே இந்த எஞ்சினைப் பிரிக்கிற ஆட்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. நானும் அப்படி ஒருவன் என்ற நினைப்புதான் முதல் முறை என்னைக் கவிழ்த்தது.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மார்ச்சில் முதல் முறை வந்தபோது சந்தேகத்துக்கே இடமில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் சோடா பாட்டில் மாதிரி குமிழி. ஹெட்டைக் கழற்றினால், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கேஸ்கெட்டின் இரும்பு வளையம் கருகி அறுந்திருந்தது. ஸ்டீல் ஸ்கேலை ஹெட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இடைவெளி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் துணுக்குகளை டிரில்லில் எமரி பேட் மாட்டித் தேய்த்து எடுத்தேன். பளபளவென்று வந்துவிட்டது. புது கேஸ்கெட் போட்டு, போல்ட் இறுக்கி, ஒன்றரை நாளில் வண்டியை அனுப்பிவிட்டேன். இந்த நாலு வரிக்குள் மூன்று தப்பு இருக்கிறது. ஜூலையில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

மறுபடி வந்தபோது

"தம்பி, காலையில எடுத்தா வண்டி குலுங்குதுங்க. அரை நிமிசம் குலுங்கிட்டு அப்புறம் சரியாயிருது."

"தண்ணி ஊத்தறீங்களா சார்?"

"வாரத்துக்கு ஒரு அரை லிட்டர் போகும். அத நான் பாத்து ஊத்திக்கறேன், அது ஒண்ணும் பெருசில்லைங்க."

அதுதான் பெரிசு. எஞ்சின் நின்றதும் சூடான தண்ணீரில் அழுத்தம் இருக்கும். கேஸ்கெட்டில் மயிரிழை வழி கிடைத்தால் அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்க சிலிண்டருக்குள் சொட்டும். காலையில் அந்த சிலிண்டரில் பிளக் நனைந்து, வண்டி இரண்டு சிலிண்டரில் ஓடும். தண்ணீர் ஆவியாகிப் போனதும் மூன்றும் சேர்ந்துகொள்ளும். பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா என்று கேட்டேன். பனி என்று நினைத்தாராம். ஜூலையில் கோவையில் பனி!

இன்னும் கொஞ்சம் கிளறியதில் மே மாத விஷயம் வெளியே வந்தது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் போயிருக்கிறார். பர்லியாறு தாண்டியதும் டெம்பரேச்சர் ஊசி சிவப்புக்கு ஏறியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கீழே இறங்கிவிட்டதாம். "சரியாயிருச்சுன்னு நெனச்சு ஓட்டிட்டேங்க."

இதை வண்டி ஓட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்சார் தண்ணீரில் முழுகியிருக்கும் வரைதான் அந்த ஊசி உண்மை சொல்லும். தண்ணீர் குறைந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே ஊசி இறங்கும். ஏறி நின்ற ஊசி காரணமில்லாமல் இறங்கினால், அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும்.

பிரிப்பதற்கு முன் சோதனைகளைச் செய்தேன். இந்த முறை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்: முதல் சிலிண்டர் 160 பி.எஸ்.ஐ., இரண்டாவது 125, மூன்றாவது 95. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது நீல மருந்து சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதிலிருக்கும் நீலத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் காற்றை இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு அந்த நீலத்தை மஞ்சளாக்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, மோர் மாதிரி வெளுக்கவில்லை. ஆயில் வெளுக்கவில்லை என்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. அது தப்பு. ஆயில் வழியை விட்டுவிட்டு வேறு இடத்தில் கிழிந்திருந்தால் ஆயிலுக்கு ஒன்றும் ஆகாது. அதே மாதிரி, மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் அது வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். அதை வைத்து யாரும் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் பேசியது மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக். மற்ற இரண்டும் காப்பிப்பொடி நிறத்தில் இருக்க, இது மட்டும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. நீராவி கழுவியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றியபோது அந்த பிஸ்டன் தலையும் அப்படியே, கரியே இல்லாமல் அலுமினியம் தெரிந்தது.

அளவு

எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கால் திருப்பு, கால் திருப்பாகத் தளர்த்தினேன். சூடாக இருக்கும்போது கழற்றினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும்.

கழற்றிய ஹெட்டை முதலில் கோவை கணபதி பகுதியில் இருக்கும் லேத் பட்டறைக்கு விரிசல் சோதனைக்கு எடுத்துப் போனேன். இந்த வரிசை முக்கியம். வால்வு வேலையெல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் ஹெட்டில் விரிசல் என்று தெரிந்தால் போட்ட பணம் அத்தனையும் வீண். தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். குமிழி இல்லை. வால்வு வந்து உட்காரும் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் குறுகலான பகுதியில் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளை மருந்து தெளித்தும் பார்த்தோம். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். எதுவும் எழும்பவில்லை. மலையில் தண்ணீர் இல்லாமல் ஓடிய ஹெட்டுக்கு இது பெரிய அதிர்ஷ்டம்.

அப்புறம் ஸ்டீல் ஸ்கேலுக்குப் பதிலாக நிஜமான ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்கிற நேர்ச்சட்டம், அதற்கு அடியில் இடைவெளியை அளக்க மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜ். இந்த எஞ்சினுக்கு அனுமதி 0.05 மி.மீ. நீளவாக்கில் வைத்தால் 0.06. கிட்டத்தட்ட சரி என்றே தோன்றும். குறுக்கே, மூலைக்கு மூலை வைத்தபோது 0.14 இலை தடங்கல் இல்லாமல் உள்ளே போனது. அதுவும் சரியாக இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். இன்னொரு மூலைக்கு மூலை 0.08. ஹெட் வளைந்திருந்தது மட்டுமல்ல, முறுக்கியும் இருந்தது. அப்பளம் பொரியும்போது ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

இந்த 0.14-இல் மார்ச் மாதமே எவ்வளவு இருந்தது, குன்னூர் மலை எவ்வளவு சேர்த்தது என்று பிரிக்க முடியாது, ஏனென்றால் மார்ச்சில் நான் அளக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் கண்ணெதிரே இருந்தது. நான் எமரி பேட் போட்ட இடங்களில் விரல் நுனிக்குத் தெரியும் அளவுக்குக் குழி. அலுமினியம் மெத்தென்று இருக்கும் உலோகம். சுழலும் பேட் கேஸ்கெட் துணுக்கை எடுப்பதோடு நிற்காமல் ஹெட்டையும் தின்றுவிடும். உதிரும் எமரித் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குக்கும் போகும். பளபளப்பாக இருப்பது வேறு, சமமாக இருப்பது வேறு. இப்போது பிளாஸ்டிக் கரண்டி, கெரசின், பொறுமை, இவை மட்டும்தான்.

ஹெட் ஏன் வளைகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.55 மி.மீ. நீளும். அதே நீள வார்ப்பிரும்பு 0.25 மி.மீ. தான் நீளும். வித்தியாசம் 0.3 மி.மீ., மூன்று ஜெராக்ஸ் தாள் கனம். நீள நினைக்கும் ஹெட்டை, நீளாத பிளாக்கோடு போல்ட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. வழக்கமான சூட்டில் ஹெட் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் இல்லாமல் சூடு எகிறினால், அங்கே உலோகம் இளகி, நெருக்கத்தில் நசுங்கி, ஆறும்போது பழைய இடத்துக்குத் திரும்பாது. கேஸ்கெட்டுக்கு மேல் அழுத்தம் குறையும். எரியும் வாயு அந்த இடத்தைத் தேடி வந்து அறுக்கும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவ, பட்டறைத் தம்பி அதை மெஷினில் கட்டிவிட்டுக் கேட்டான்: "எத்தன தவு எடுக்கட்டுங்ணா?"

"மட்டம் வர்ற வரைக்கும். அதுக்கு மேல ஒரு தவு கூட வேண்டாம்."

தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு தவு ஆயிற்று, அதாவது 0.15 மி.மீ. கம்ப்ரஷன் விகிதம் இதனால் 0.1 அளவுக்கு ஏறும். அவ்வளவுதான், பெட்ரோலுக்கோ டைமிங்குக்கோ பிரச்சினை வராது. ஆனால் இன்னொரு விஷயத்தைப் பலர் பார்ப்பதில்லை. இப்படிச் சீவி ஃபேசிங் செய்தால் அடிப்பக்கம்தான் நேராகும். ஹெட் வளைந்தபோது மேலே இருக்கும் கேம்ஷாஃப்ட் துளைகளும் கூடவே வளைந்திருக்கும், அவை அப்படியே நிற்கும். அதனால் வால்வை அமுக்கும் ராக்கர் எதுவும் மாட்டாமல் கேம்ஷாஃப்ட்டை மட்டும் ஆயில் விட்டு நுழைத்து, கையால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு விரலில் சுற்றியது. எங்காவது பிடித்திருந்தால் அந்த ஹெட்டைப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருப்பேன்.

வால்வு

ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு வேலையையும் முடித்துவிடுவது நல்லது. ஆறு வால்வையும் கழற்றி, எது எந்த இடம் என்று குறித்து அட்டையில் குத்தி வைத்தேன். ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் ஒப்பிட்டேன், எல்லாம் சமம். எக்ஸாஸ்ட் வால்வுகளை, அவற்றின் தண்டு நுழையும் குழாயான கைடுக்குள் விட்டு ஆட்டினால் இரண்டு தாராளமாக ஆடின. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் ஒரு இடம் எரிந்து பள்ளம். அந்த இரண்டு கைடும் ஒரு வால்வும் புதிது. முதலில் கைடு, அப்புறம் சீட் கட்டிங், கடைசியில் அரைத்தல். கைடு ஆடும்போது சீட்டை வெட்டினால் வட்டம் நடுவில் நிற்காது.

வால்வு அரைப்பது எனக்குப் பிடித்த வேலை. மெஷின் இருக்கிறது என்றாலும் கடைசிக் கட்டத்தைக் கையால்தான் செய்வேன். விளிம்பில் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, தயிர் கடைகிற மாதிரி இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று மணல் சத்தம். எட்டுப் பத்து உருட்டலுக்கு ஒரு தரம் தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி. சத்தம் மெலிந்து மெலிந்து ஒரு கட்டத்தில் பட்டுத் துணியை இழுக்கிற மாதிரி ஆகிவிடும். காதே சொல்லிவிடும், போதும் என்று. துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரே அகல மோதிரம், எங்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். அப்புறம் பேஸ்ட் ஒரு துளி மிஞ்சாமல் கழுவி, வால்வுகளைப் பூட்டி, போர்ட் வழியாகக் கெரசின் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். ஐந்து வால்வில் கசிவில்லை. ஒன்றில் ஓரம் நனைந்தது. அதை மட்டும் திரும்ப அரைத்தேன். வால்வுத் தண்டின் ஆயில் சீல் ஆறும் புதிது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பூட்டுவது

பிளாக்கின் மேல் தளம் 0.03, அனுமதிக்குள். போல்ட் துளைகளில்தான் எச்சரிக்கை வேண்டும். இந்தத் துளைகளுக்கு அடிப்பக்கம் வழி கிடையாது. உள்ளே தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதை அழுத்தும், போக வழியில்லாமல், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் பொய் அளவு காட்டும். முரட்டுத்தனமாக இறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். பழைய ஹெட் போல்ட் ஒன்றின் மரையில் நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டு காடி வெட்டி வைத்திருக்கிறேன். அதை உள்ளே விட்டுச் சுற்றினால் துருவும் அழுக்கும் அந்தக் காடியில் ஏறிக்கொள்ளும். அப்புறம் காற்று அடித்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். மூன்றாவது சிலிண்டர் ஓரத்துத் துளையிலிருந்து வந்தது அரை ஸ்பூன் துருத் தண்ணீர்.

இது ஏன் முக்கியமென்றால், நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஹெட்டை அழுத்தப் பயன்படுகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வில் போய்விடும். மரை அழுக்காக இருந்தால் அந்த ஒரு பங்கும் குறையும், ஆனால் ரெஞ்ச், இந்த போல்ட்டுக்கு வேண்டிய அதே 58 நியூட்டன் மீட்டரைக் காட்டிக் கிளிக் என்று சத்தம் கொடுக்கும்.

கேஸ்கெட்டுக்குப் பசை, கிரீஸ், ஷெல்லாக் எதுவும் தடவவில்லை. சுத்தமான தளம், உலர்ந்த கேஸ்கெட். மரையில் ஒரு சொட்டு ஆயில். நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதலில் 20, அப்புறம் 40, கடைசியில் 58 நியூட்டன் மீட்டர். டைமிங் பெல்ட்டும் புதிது, குறி பார்த்து மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி குறி பார்த்தேன். டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ.

சூடு எங்கிருந்து வந்தது

மார்ச்சில் நான் செய்த மூன்றாவது தப்பு இதுதான். கேஸ்கெட் கிழிந்தது, மாற்றினேன். யார் கிழித்தது என்று கேட்கவில்லை.

இந்த முறை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, எஞ்சின் சூடாக இருந்தபோது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் மேல் ஓட்டிப் பார்த்திருந்தேன். மேலே 88 டிகிரி, நடுவில் ஒரு பெரிய திட்டு மட்டும் 50. அங்கே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். எப்போதோ யாரோ மாற்றிய பித்தளை ரேடியேட்டர் அது. மேல் தொட்டியைப் பிரித்தால் குழாய் வாய்களில் வெள்ளைக் காரை, பாதிக்கு மேல் அடைப்பு. வாத்தியார் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, ஆனால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு காருக்கு போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். யார்தான் சிறுவாணியைக் காரில் ஊற்றுவார்கள்? வாரம் அரை லிட்டர் உப்புத் தண்ணீர், வருடக் கணக்கில். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் புரியும்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டே இல்லை. இதை மார்ச்சிலேயே பார்த்தேன். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று நானே விட்டுவிட்டேன். எஞ்சினை ஒரே சூட்டில் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. இல்லையென்றால் சமதளத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், ரேடியேட்டர் அடைத்திருப்பது யாருக்கும் தெரியாது. மலை ஏறும்போதுதான் தெரியும். அதாவது, நோயை மறைத்து வைத்திருந்தது இந்த இல்லாத தெர்மோஸ்டாட். புதிதாக ஒரு 82 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கி, பாத்திரத்தில் வெந்நீர் வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன்.

ரேடியேட்டரில் ராடு விட்டுக் குழாய்களைக் குத்தி எடுத்தார்கள். மூடியும் புதிது, 0.9 பார். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் செத்துப்போன பழைய மூடியோடு ஓடினால், 100-ஐத் தொடுவதற்குள் கொதித்துவிடும். உள்ளே பாதிக்குப் பாதி கூலண்ட், காய்ச்சி வடித்த தண்ணீர். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

கம்ப்ரஷன் இப்போது 175, 170, 170. நீல மருந்து நீலமாகவே இருந்தது.

ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து வரச் சொல்லி, ஆறிய எஞ்சினில் ஒவ்வொரு போல்ட்டாகக் கால் திருப்புத் தளர்த்தி மறுபடி 58-க்கு இறுக்கினேன். எல்லாக் கேஸ்கெட்டுக்கும் இது தேவையில்லை, இந்தப் பழைய வகைக்குத் தேவை. இரண்டு போல்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பின. டாப்பெட்டும் ஒரு தடவை சரிபார்த்தேன். பட்டறைக்கும் பொருளுக்கும் ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டேன், என் கூலி வாங்கவில்லை. வாத்தியார் வற்புறுத்தினார். மார்ச்சில் வாங்கியதே இதற்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் மறுபடி குன்னூர் போய் வந்தார். கூலண்ட் பாட்டிலில் நான் பேனாவால் போட்ட கோட்டிலேயே அளவு நின்றது. ராக்கர் கவரின் பின்மூலையில் மட்டும் லேசாக ஆயில் வியர்க்கிறது. அடுத்த சர்வீசுக்கு வரும்போது அந்த கேஸ்கெட்டை மாற்ற வேண்டும்.